ஐந்து வாட் குரல்

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமை மரக்கடை திறக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். டெய்லரம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் காலை ஏழரை மணிக்கே கடைக்குப் பின்னாலிருந்த வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டாள். கையில் துணிப்பை, பைக்குள் பணம், முகத்தில் தூங்காத கண்.

தூக்கம் எப்படி வரும்? சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவளுக்கு ஒரு ரேடியோ வேண்டும். கேட்கிற ரேடியோ இல்லை, அது வீட்டிலேயே இருக்கிறது. பேசுகிற ரேடியோ.

அவளுடைய தம்பி அவளோடு பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. போன் நம்பரை மாற்றிவிட்டான். போட்ட கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வந்தன. எங்கோ ஒரு மலை உச்சியில், வானிலை நிலையத்தில் உட்கார்ந்து மழையையும் காற்றையும் அளந்துகொண்டிருக்கிறான். ஆனால் ஞாயிறு தவறாமல் ஐந்து மணிக்கு அமெச்சூர் ரேடியோவில் வருவான். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, சம்பளம் கிம்பளம் எதுவும் இல்லாமல், ஆசைக்காக ஆகாய வழியே பேசிக்கொள்ளும் ஆட்கள் இருபது பேர் கூடுகிற நேரம் அது.

அந்த இருபது பேரிடமும் அவன் சளி பிடித்த கதையைச் சொல்வான், அடுப்பு மக்கர் பண்ணிய கதையைச் சொல்வான். டெய்லரம்மா தையல் கடையில் ஒரு பழைய சிற்றலை ரேடியோவின் காதைத் திருகி வைத்துக்கொண்டு, ஒன்றரை வருஷமாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவனுக்கு முட்டி வலி வந்தது தெரியும். வளர்த்த நாய் செத்தது தெரியும். "ஐயோ, அப்படியாடா?" என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் வழியில்லை.

பேசுவதற்கு லைசென்ஸ் வேண்டுமே! ஐம்பத்து மூன்று வயதில் மூன்று தடவை பரீட்சை எழுதி, மூன்றாவதில் தேறினாள். லைசென்ஸ் வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை. போன ஞாயிறு தம்பி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான்.

மலை நிலையத்தில் இனி மெஷினே எல்லாவற்றையும் அளந்துகொள்ளுமாம். ஆள் வேண்டாமாம். "வர்ற ஞாயிறுதாங்க எனக்குக் கடைசி. அப்புறம் செட்டைப் பெட்டியில கட்டிடுவேன். எங்க போவேன்னு எனக்கே தெரியாது" என்றான்.

அந்த ஞாயிறு இன்றுதான். இவள் முன்பணம் கொடுத்துச் சொல்லி வைத்திருந்த பழைய ரேடியோவை, அதன் சொந்தக்காரன் நேற்று கூடுதல் விலைக்கு வேறு யாருக்கோ தள்ளிவிட்டான். முன்பணத்தை மட்டும் சிரித்துக்கொண்டே திருப்பி நீட்டினான். அவன் நன்றாக இருக்கட்டும்.

"யாரு இந்நேரத்துல?"

பல் துலக்கிக்கொண்டே மரக்கடைக்காரர் வந்தார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் சட்டைப் பையில் தன் ரேடியோ அடையாள எழுத்துகளைத் தைத்துத் தரச் சொல்லி வந்தவர் இவர்தான். இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றியும், அதில் பேசுகிற 'மலை' என்கிற ஆளைப் பற்றியும் அவர் வாயிலிருந்துதான் இவளுக்குத் தெரிந்தது. ரேடியோவில் குரலைக் கேட்டதுமே மலை தன் தம்பிதான் என்று இவளுக்குப் புரிந்துவிட்டது. அது மட்டும் அவருக்குத் தெரியாது.

"என்ன டெய்லரம்மா, சட்டை ரெடியா?"

"சட்டை இல்லண்ணே. கையில தூக்கிட்டுப் போற சின்ன செட் ஒண்ணு சும்மா கிடக்குன்னு சொன்னீங்களே."

"கிடக்குது. ஆனா விக்கிறேன்னு சொல்லலையே."

"விக்கிறாரு! விக்கிறாரு!" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி ஓடி வந்தாள். "உள்ள வாங்கம்மா. ஒண்ணு வீட்டுக்குள்ள வந்தா ஒண்ணு வெளிய போகணும்னு இவருக்கும் எனக்கும் பேச்சு. மூணு உள்ள வந்தாச்சு, ஒண்ணும் வெளிய போன பாடில்லை. ஊர்பேர் தெரியாதவன்கிட்ட எல்லாம் மணிக்கணக்கா பேசுவாரு. என்கிட்ட பேசணும்னா மட்டும் வாயிலருந்து முத்து உதிர்ந்துடும்."

மரக்கடைக்காரர் வாய் நிறைய நுரையோடு ஏதோ சொல்லப் பார்த்தார். அது எடுபடவில்லை.

செட் மேஜைக்கு வந்தது. சாப்பாட்டு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. டெய்லரம்மா நோட்டுப் புத்தகத்தை விரித்தாள். பழைய செட் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்தாள். செல் போடும் தட்டைத் திறந்தாள். பழைய செல் ஒழுகி உள்ளே பச்சை பூத்திருந்தது. மைக் ஒயரை வளைத்துப் பார்த்தாள். கழுத்தில் ஒடிந்திருந்தது. பெரிய குமிழை மெதுவாகச் சுற்றினாள். அது வெண்ணெய் போலச் சுழன்றது.

"யாருக்கு இது? வேண்டியவங்க யாராவது கேட்டாங்களா?"

"எனக்குத்தான்ணே." லைசென்ஸை எடுத்து நீட்டினாள்.

மரக்கடைக்காரர் அதை வாங்கிப் படித்தார். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். "அடி சக்கை! சொல்லவே இல்லையே! லிமா ஆஸ்கார்!" என்றார்.

அவளுடைய அடையாளத்தின் கடைசி எழுத்துகளான எல், ஓ இரண்டையும் ரேடியோக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவளை யாரும் அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. இன்னார் பெண்டாட்டி, இன்னார் அம்மா, டெய்லரம்மா என்றுதான் ஐம்பத்து மூன்று வருஷமும் ஓடியிருந்தது. அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும், வெளியே சொல்ல முடியாத பெருமையாகவும் இருந்தது.

செட்டை வெளி மின்சாரத்தில் மாட்டி, ஆன்டெனாவுக்குப் பதிலாக ஒரு கனத்த பெட்டியை இணைத்து ஓட்டிக் காட்டினார். முள் ஐந்து வாட்டைத் தொட்டு நின்றது. டார்ச் பல்பு அளவு சக்திதான்.

"பன்னிரண்டாயிரம்" என்றார்.

"அண்ணே, செல் தட்டு பச்சை பிடிச்சிருக்கு. மைக் ஒயர் போச்சு. ஆன்டெனா கிடையாது. ஒரு கை இல்லாத சட்டையை முழு விலைக்குக் கொடுத்தா நீங்க வாங்குவீங்களா?"

மனைவி கைதட்டிச் சிரித்தாள். அப்புறம் பேரம் இரண்டு பெண்களுக்கும் நடுவில் நடந்தது. மரக்கடைக்காரரை யாரும் கேட்கவில்லை. எட்டாயிரம் பணம், அவர்கள் வீட்டுச் சோபாவுக்கு உறை தைத்துக் கொடுப்பது என்று முடிந்தது. அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே போய், ஆன்டெனாவுக்கு ஒரு சுருள் கம்பியும், கம்பி சுற்றி ஆன்டெனாவுக்கும் செட்டுக்கும் நடுவில் மாட்ட ஒரு கறுப்பு வளையமும், சிவப்பு விளக்கு வைத்த ஒரு குட்டிப் பெட்டியும் கொண்டுவந்து கொடுத்தார்.

"கம்பி நீளம் சரியா இருந்தா விளக்கு அணையும். எரிஞ்சுட்டே இருந்தா அலை வெளிய போகாம திரும்பி வருதுன்னு அர்த்தம். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடணும். ஆன்டெனா மாட்டாம பேசுற பட்டனை மட்டும் அமுக்கிடாதீங்க."

"தெரியும்ணே. பரீட்சையில வந்துச்சு."

"சாயங்காலம் நீங்க வர்றதைக் கேக்கத்தான் நான் இருக்க மாட்டேன். மச்சினன் வீட்டுக்குப் போறோம். வரலைன்னா இவ இந்த ரேடியோவோட சேர்த்து என்னையும் எடைக்குப் போட்டுடுவா."

புருஷனும் பெண்டாட்டியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டெய்லரம்மாவால் சிரிக்க முடியவில்லை. செட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவசரமாக வெளியே வந்துவிட்டாள்.

எடைக்குப் போட்டது அவள்தானே!

கணவன் இறந்த பிறகு அவள், மகள், தம்பி என்று மூன்று பேர் இருந்த வீடு. பின்னறை தம்பியுடையது. அந்த அறையில் நாலு வருஷமாக உட்கார்ந்து, ஒவ்வொரு சாமானாகத் தேடிப் பிடித்து, தன் கையாலேயே ஒரு ரேடியோ கட்டினான். மூன்று மாதப் பயிற்சிக்கு அவன் வெளியூர் போயிருந்தபோது அவளுக்கு மொத்தமாகப் பள்ளிச் சீருடை ஆர்டர் வந்தது. இரண்டாவது தையல் மெஷின் போட இடம் வேண்டும். பழைய சாமான்காரன் தெருவில் வந்தான். மேஜைமேல் இருந்த பெட்டி, கம்பிச் சுருள், மீட்டர் எல்லாவற்றையும் தராசில் ஏற்றினாள். பதினொன்றரை கிலோ. அவன் பதினொன்று என்றான், அரை கிலோவுக்கு இவள் சண்டை போட்டாள். வந்த காசில் இரண்டு டஜன் ஜிப் வாங்கினாள்.

தம்பி திரும்பி வந்தான். அறை வாசலில் நின்று புது மெஷினைப் பார்த்தான்.  சாப்பிட்டான், படுத்தான், விடிந்ததும் துணிப்பெட்டியோடு போய்விட்டான்.

"ஒரு பெட்டிக்காகக் கூடப்பிறந்தவளை உதறுவானா ஒருத்தன்?" இந்தக் கேள்வியை அவள் பதினோரு வருஷமாகத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு அவனிடமே கேட்டுவிடுவது என்று தீர்மானம்.

வீட்டுக்கு வந்ததும் கத்தரி, நூல்கண்டு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வெட்டும் மேஜையில் செட்டைப் பிரித்தாள். மகள் எழுந்து வந்து பார்த்தாள். அவள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். வயது இருபத்து நாலு. அம்மாவைவிட நிதானம் அதிகம், வாய் மட்டும் அம்மா வாய்.

"இதுவா? எட்டாயிரத்துக்கு இந்தத் தகர டப்பாவா?"

"வாயை மூடிட்டு அந்தப் பச்சையைச் சுரண்டக் கொடு."

மகள் தன் பையிலிருந்து பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தாள். வினிகரில் தொட்டுத் தேய்க்கத் தேய்க்கப் பச்சை போய்ப் பித்தளை தெரிந்தது. கம்பெனி பேட்டரி வாங்கினால் செட்டு விலைக்கே பாதி வந்துவிடும். அதனால் கரண்ட் போனால் எரிகிற அவசர விளக்குகள் இரண்டைப் பிரித்து, நல்ல லித்தியம் செல்லாக மூன்றைப் பொறுக்கி, வரிசையாகக் கோர்த்து, நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்தாள். சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர், மறுபடியும் சிவப்பு, கறுப்பு என்று நாலு தடவை சரிபார்த்தாள்.

மைக் ஒயர்தான் உயிரை வாங்கியது. தலைமுடி கனத்தில் நாலு ஒயர். மகள் டாக்டரிடம் கடன் வாங்கி வந்த நெற்றி விளக்கை அம்மா தலையில் மாட்டிவிட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கையை மேஜையில ஊணிக்கோம்மா. மூச்சை விடு. பல்லுல வேலை செய்யும்போது எங்க டாக்டர் மூச்சை விட்டுட்டுத்தான் தொடுவாரு."

முதல் ஒயர் ஒட்டவில்லை. இரண்டாவது ஒட்டி, முதல் ஒயரோடும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. பற்றவைக்கிற சூட்டுக்கோல் விரலில் பட்டது. டெய்லரம்மா "ஸ்ஸ்" என்றாள், விரலை வாயில் வைத்துக்கொண்டாள், மறுபடியும் ஆரம்பித்தாள்.

அது முடிந்ததும் கறுப்பு வளையம். பாபின் சுற்றுகிற கைக்கு இதென்ன பிரமாதம் என்றுதான் நினைத்தாள். பதினாலு சுற்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வர வேண்டும். ஒன்பதில் எண்ணிக்கை தப்பியது. பிரித்தாள். பன்னிரண்டில் கம்பி முறுக்கிக்கொண்டு ஒடிந்தது. மறுபடியும் பிரித்தாள். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

பதினாலாவது சுற்றைச் சுற்றிவிட்டு வளையத்தைக் கையில் வைத்துப் பார்த்தாள். தம்பி கட்டிய பெட்டிக்குள்ளே இந்த மாதிரி எத்தனை இருந்தன? நாற்பதா, ஐம்பதா? அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை. அவனுடைய விரல்களில் எப்போதும் சூட்டுக் காயம் இருக்கும். "அடுப்படிப் பக்கமே போகாதவனுக்கு இதெல்லாம் எங்கருந்துடா வருது?" என்று கேலி செய்திருக்கிறாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. கண்ணு எரியுது."

மகள் நெற்றி விளக்கை அணைத்தாள். அம்மா பக்கம் திரும்பிக் கேட்டாள். "ஒண்ணு கேக்கட்டா? சாயங்காலம் நீ மாமாகிட்ட மன்னிப்பு கேக்கப் போறியா, இல்ல நியாயம் கேக்கப் போறியா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படிம்மா ஒண்ணாகும்?"

டெய்லரம்மா வளையத்தைச் செட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமையும் மதியத்துக்கு மேல் டாக்டர் கிளினிக்கைத் திறப்பார். மகள் கிளம்பினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள்.

"வந்ததும் ஒண்ணு சொல்லணும்மா."

"இப்பவே சொல்லேன்."

"வேண்டாம். முதல்ல நீ மாமாகிட்ட பேசி முடி."

அவள் போன பிறகுதான் கவனித்தாள். பரண்மேல் வருஷக்கணக்காகக் கிடந்த பெரிய பெட்டி மகள் கட்டிலுக்குக் கீழே இருந்தது. தூசி துடைத்திருந்தது. இவளும் எங்கேயாவது கிளம்புகிறாளா? ஆனால் மணி மூன்றாகிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு கவலைதான் தாங்கும் என்று மொட்டை மாடிக்கு ஏறிவிட்டாள்.

கம்பி இருபது மீட்டர் வேண்டும். அவளிடம் இருப்பது இஞ்ச் டேப். அதை வைத்து வைத்து, ஒவ்வொரு தடவையும் சாக்பீஸால் கோடு போட்டு, பதிமூன்று முழு டேப்பும் ஒரு துண்டுமாகக் கணக்காக அளந்து வெட்டினாள். ஒரு நுனியை மாடிப்படி மேலிருந்த தண்ணீர்த் தொட்டியில் கட்டினாள். மறு நுனியைத் துணிக்கொடிக் கம்பத்தில் கட்டி இழுத்தாள். செட்டை மாட்டினாள். பட்டனை அமுக்கினாள்.

சிவப்பு விளக்கு ஜம்மென்று எரிந்தது.

வளையத்தைப் பார்த்தாள், முடிச்சைப் பார்த்தாள், பற்றவைத்த இடத்தை எல்லாம் பார்த்தாள். எல்லாம் சரி. விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. மணி நாலேகால். மரக்கடைக்காரருக்குப் போன் போட்டாள். பின்னால் ஒரே கூச்சல்.

"எதால அளந்தீங்க?"

"இஞ்ச் டேப்தான்."

"எத்தனை வருஷத்து டேப்பு?"

"கடை ஆரம்பிச்சப்ப வாங்கினது. முப்பது வருஷம் இருக்கும்."

மரக்கடைக்காரர் அந்தக் கூச்சலிலும் சிரித்தது கேட்டது. "முப்பது வருஷமா இழுத்து இழுத்து அது நீண்டு போயிருக்கும் டெய்லரம்மா. பதிமூணு தடவை வச்சீங்கன்னா, தடவைக்கு ரெண்டு விரலு. கம்பி கூடிப்போச்சு."

"அப்ப நான் இத்தனை வருஷமா தச்ச துணியெல்லாம்?"

"உடம்பையும் அதே டேப்பால அளந்தீங்க, துணியையும் அதே டேப்பால வெட்டினீங்க. அதனால தப்பிச்சோம். கம்பி விஷயத்துல அது செல்லாது. நுனியை மடிச்சு விடுங்க."

மடிப்பதா! அது அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்? பாவாடை ஓரம் மடிப்பதுபோலக் கம்பி நுனியை ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக மடித்து, மேலே நூலால் இறுக்கிச் சுற்றினாள். பட்டனை அமுக்கினாள். விளக்கு மங்கியது. இன்னும் நாலு விரற்கடை மடித்தாள். விளக்கு அணைந்தே போனது.

பக்கத்துத் தெரு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு வண்டி நின்று, கதவு சாத்தி, போனது. டெய்லரம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மைக்கை மடியில் வைத்துக்கொண்டாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. விளக்கு அணைந்ததை அவள் மட்டும்தான் பார்த்தாள்.

ஐந்து மணி. கூட்டத்தை நடத்துகிறவரை எல்லாரும் 'வாத்தியார்' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். ஒவ்வொருவராக வந்தார்கள். பிறகு அந்தக் குரல்.

"வணக்கம் வாத்தியாரே, மலை பேசுறேன். சாமானெல்லாம் கட்டியாச்சு. செட்டு மட்டும்தான் பாக்கி."

"போறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் பேசிட்டுத்தான் போகணும் மலை. புதுசா யாராவது இருக்கீங்களா?"

டெய்லரம்மா பட்டனை அமுக்கினாள். "லிமா ஆஸ்கார்" என்றாள். யாரும் கவனிக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். வேறொரு பெரிய குரல் அவள்மேல் ஏறிப் போனது. மூன்றாவது தடவை கத்தினாள். பக்கத்துத் தெரு மாடிக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"யாரோ பூச்சி கத்துற மாதிரி கூப்பிடுறாங்க" என்றார் வாத்தியார். "ஆஸ்கார்னு முடியுது. யாருக்காவது கேக்குதா?"

ஒருவருக்கும் கேட்கவில்லை. ஒன்றரை வருஷம், மூன்று பரீட்சை, எட்டாயிரம் பணம், ஒரு சோபா உறை, எல்லாம் சேர்ந்து ஒரு பூச்சி. அவள் மைக்கைக் கீழே வைக்கப் போனாள்.

"எனக்குக் கேக்குது வாத்தியாரே. மெலிசா, ஆனா தெளிவா கேக்குது. நான் ரிலே பண்றேன்."

இந்த ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பலவீனமான குரல் எவன் காதில் விழுகிறதோ அவன் அதை வாங்கி மற்றவர்களுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அந்த ஆள் 'நான்' என்று சொன்னால் இவனும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். மலை உச்சியில் இருப்பதால் அந்த வேலை எப்போதும் தம்பிக்குத்தான் வரும்.

"லிமா ஆஸ்கார், வணக்கங்க. மலை பேசுறேன். உங்க பேரும் செட்டு விவரமும் சொல்லுங்க. ஓவர்."

வணக்கங்க. சொல்லுங்க. யாரோ ஒரு அந்நியருக்கு எவ்வளவு மரியாதை, எவ்வளவு பிரியம்! அவள் மைக்கை வாயருகே கொண்டுவந்தாள்.

"டெய்லரம்மான்னு கூப்பிடுவாங்க. பழைய செட்டு. அஞ்சு வாட். ஆன்டெனா நானே கட்டினது. ஓவர்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. இரைச்சல் மட்டும் வந்தது. ரொம்ப நேரம் கழித்து, ஒரு பிடி இறங்கிய குரலில் அவன் சொன்னான். "டெய்லரம்மான்னு கூப்பிடுவாங்க. பழைய செட்டு. அஞ்சு வாட். ஆன்டெனா நானே கட்டினது. அப்படின்னு சொல்றாங்க."

"பலே! அஞ்சு வாட்டுல மலைக்குப் போயிருக்காங்களே!" என்றார் வாத்தியார். "எப்படி இந்த ஆசை வந்துச்சுன்னு கேளுங்க."

"எப்படி இந்த ஆசை வந்துச்சுன்னு... கேக்கறாங்க. ஓவர்."

கேட்க வேண்டும் என்று அவள் வைத்திருந்த கேள்வி நாக்கு நுனியிலேயே இருந்தது. ஏண்டா, ஒரு பெட்டிக்காகவா? பட்டனை அமுக்கினாள். வாயில் வந்தது வேறு.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி என் தம்பி ஒரு ரேடியோ கட்டினான். நாலு வருஷம் உக்காந்து கட்டினான். அவன் ஊர்ல இல்லாத நேரத்துல நான் அதை எடைக்குப் போட்டேன். மெஷின் போட இடம் வேணும்னு போட்டேன். இத்தனை நாளா அவன் மேலதான் தப்புன்னு நெனச்சிட்டிருந்தேன். இன்னிக்கு ஒரு கம்பியைப் பதினாலு சுத்து சுத்தறதுக்குள்ள எனக்குப் புரிஞ்சு போச்சு. தப்பு என்னோடது. ஓவர்."

இரைச்சல். வாத்தியார் கூப்பிட்டார். "மலை, எங்களுக்கு ஒண்ணும் கேக்கலை. ரிலே பண்ணுங்க."

"பண்றேன்."

அவன் ஆரம்பித்தான். வார்த்தை மாறவில்லை. "என் தம்பி ஒரு ரேடியோ கட்டினான். நாலு வருஷம் உக்காந்து கட்டினான்." குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை. தினமும் காற்றின் வேகத்தைப் படித்துச் சொல்கிற குரல் அது. "நான் அதை எடைக்குப் போட்டேன்" என்ற இடத்தில் நின்றான். மூச்சு வாங்கியது கேட்டது. பிறகு மீதியையும் சொன்னான். "தப்பு என்னோடது. அப்படின்னு சொல்றாங்க."

இருபது பேர் கேட்டார்கள். அவள் செய்ததை அவனுடைய வாயாலேயே, 'நான், நான்' என்று அவன் சொல்லக் கேட்டபோது, டெய்லரம்மா மாடிக் கைப்பிடிச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பாவம், அந்த வார்த்தைகளை அவன் தலையிலும் ஏற்றிவிட்டாளே.

 வாத்தியார்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

"மனசு கஷ்டமா இருக்குங்க. அந்தத் தம்பி இப்பவாவது அவங்களோட பேசுறாரா? கேட்டுச் சொல்லுங்க மலை."

"லிமா ஆஸ்கார்." குரல் கரகரத்தது. "உங்க தம்பி இப்ப உங்களோட பேசுறாரான்னு கேக்கறாங்க. ஓவர்."

அவள் பட்டனை அமுக்கினாள்.

"பேசிட்டிருக்கான்" என்றாள். ஓவர் சொல்ல மறந்துவிட்டாள்.

மலையிலிருந்து பதில் வரவில்லை. "மலை? என்ன சொன்னாங்க?" என்றார் வாத்தியார். இன்னொருவரும் கேட்டார். வாத்தியார் மறுபடியும் கூப்பிட்டார். அப்புறம் மலையில் அடிக்கிற காற்று மட்டும் ஒலிவாங்கி வழியாக வந்தது. அவன் பட்டனை அமுக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான்.

"ஒரு நிமிஷம் இருங்க வாத்தியாரே" என்றான் கடைசியில். "யாரும் குறுக்க வராதீங்க."

பிறகு, அவளிடம்.

"அக்கா. இன்னொரு தடவை சொல்லு."

அவனுக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டிருக்கும். அது அவளுக்குத் தெரியும். பட்டனை அமுக்கினாள். வாயைத் திறந்தாள். எங்கெங்கோ உட்கார்ந்திருந்த அந்த இருபது பேரில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை, வழியை அவளுக்காக விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அவளுக்குத்தான் குரல் வரவில்லை.